குப்பைக் கூடையில் மூன்று கருவிழிப் படங்கள்

எங்கள் ஆஸ்பத்திரியின் கண் பிரிவுக்குக் கருவிழிச் செல்களைப் படமெடுத்து எண்ணும் புது ஸ்பெகுலர் இயந்திரம் வந்துவிட்டது என்று போன மாதம் சங்கீதா தொலைபேசியில் சொன்னாள். நான் ஓய்வு பெற்ற பிறகு என் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவள் அவள்தான்.

"அக்கா, தாடைய வச்சா போதும். அதுவே போகஸ் பண்ணுது, அதுவே எண்ணுது, பச்சைக் கலர்ல நம்பர் காட்டுது. நீங்க மவுசப் புடிச்சுக்கிட்டு ஒவ்வொரு செல்லுக்கா புள்ளி வச்சீங்களே, அந்த வேலையே கெடையாது."

என் கழுத்து எலும்பு தேய்ந்து முடிந்த பிறகுதான் இந்த வசதி வர வேண்டும் என்று இருந்திருக்கிறது. ஆனாலும் சந்தோஷமாகவே கேட்டுக்கொண்டிருந்தேன். "படம் சரியா வரலன்னா என்ன பண்ணும்?" என்றேன்.

"அதுவே டெலீட் பண்ணிட்டு வேற எடுத்துக்கும்க்கா."

பிரிவின் ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதித் தரும்படி அவர்கள் ஒரு வருடமாகக் கேட்டு வந்தார்கள். எழுத என்ன இருக்கிறது என்று தட்டிக் கழித்து வந்தேன். அந்தக் கடைசி பதிலைக் கேட்ட பிறகு எழுத ஒன்று இருக்கிறது என்று தெரிந்தது.

என் படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. இரண்டு வருட டிப்ளமோ, ஒரு வருடப் பயிற்சி. "தாடைய வைங்க, நெத்திய ஒட்டுங்க, கண்ணச் சிமிட்டாதீங்க" என்று சொல்லக் கற்றுக்கொண்டேன். பிறகு முப்பத்தோரு வருடம் அதையே சொன்னேன். தூக்கத்திலும் சொல்கிறேன் என்று என் கணவர் புகார் சொல்வார். அவர் சிமிட்டியிருப்பார்.

என் வேலை கருவிழியின் செல்களை எண்ணுவது. கருவிழி கண்ணாடி போலத் தெளிவாக இருப்பதற்குக் காரணம் அதன் பின்பக்கம் ஒட்டியிருக்கும் ஒரே ஓர் அடுக்குச் செல்கள். கருவிழிக்குள் ஊறும் நீரை அவை இடைவிடாமல் வெளியேற்றிக்கொண்டே இருக்கும். அவை குறைந்தால் நீர் தேங்கும், கருவிழி வீங்கி வெளுக்கும். செத்த செல்லுக்குப் பதில் புதியது முளைக்காது. காலியிடங்களை நிரப்பாத அரசு அலுவலகத்தைப் போல, இருக்கிற ஆட்களை வைத்தே கடைசிவரை ஓட்ட வேண்டும். ஓர் ஆள் போனால் பக்கத்து ஆள் கையைக் காலை நீட்டி அந்த இடத்தையும் மூடிக்கொள்ளும். அதனால் ஆரோக்கியமான கண்ணில் தேன்கூடு மாதிரி ஒழுங்காகத் தெரிகிற அடுக்கு, நலிந்த கண்ணில் பெரிதும் சிறிதுமாகக் கோணல்மாணலாகத் தெரியும்.

கண்புரை அறுவையில், அதிர்வால் புரையை உடைத்து உறிஞ்சும்போது, இந்த ஆட்களில் சிலரைக் காவு கொடுத்தே ஆக வேண்டும். நிறைய இருப்பவருக்குப் பாதகமில்லை. சிறுநீரகம் பழுதானவர்களில் பலருக்கு இந்த அடுக்கு ஏற்கனவே குலைந்திருப்பதை நான் பார்த்திருக்கிறேன். எல்லோருக்கும் அப்படி என்று சொல்ல மாட்டேன். யாருக்கு அப்படி என்று தெரிந்துகொள்ளத்தான் எண்ணுவது.

எண்ணும் முறையில் எங்களுக்கு ஒரு வழக்கம் இருந்தது. ஒரு கண்ணுக்கு மூன்று நான்கு படம் எடுப்போம். பளபளப்பான சுருள்காகிதத்தில் அச்சாகி வரும். அவற்றில் தெளிவான ஒன்றைக் கோப்பில் ஒட்டுவோம், மற்றதைக் கசக்கிக் கூடையில் போடுவோம். மங்கலான படத்தை ஒட்டினால் எடுத்தவளுக்குக் கைப்பழக்கம் போதாது என்று அர்த்தம். இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. எல்லோரும் செய்தார்கள், நானும் செய்தேன். பிரிவிலேயே அழகான படம் என்னுடையதுதான் என்ற பெயரும் எடுத்தேன்.

டாக்டர் கோதண்டராமன் எங்கள் பிரிவுக்கு வந்தது என் பத்தொன்பதாவது வருடத்தில். குரலை உயர்த்தாதவர். உயர்த்தித் திட்டினால் நாமும் உள்ளுக்குள் திருப்பித் திட்டிக்கொண்டு போய்விடலாம், அந்த வசதியை அவர் யாருக்கும் தந்ததில்லை. நோயாளியோடு பேசும்போது மேசைக்கு எதிரே உட்காராமல் நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொள்வார். கோப்பில் இருப்பதை நோயாளியின் காதுபட வாசிப்பார். "அவங்க கண்ணு, அவங்க பேப்பரு, அவங்களுக்குத் தெரியாம நாம என்ன ரகசியம் படிக்கிறது?" என்பார்.

இன்னொரு பழக்கமும் இருந்தது. அறுவைப் பட்டியல் முடிந்ததும் என் அறைக்கு வருவார். நோயாளிகள் உட்காரும் முக்காலியில் உட்கார்ந்து, தகரக் குப்பைக் கூடையைக் காலால் இழுத்து, கசங்கிய படங்களை எடுத்து முழங்கால்மேல் வைத்து நீவுவார். பார்ப்பார், திரும்பக் கூடையிலேயே போடுவார், போவார். ஒரு வார்த்தை பேச மாட்டார். 'கூடை டாக்டர்' என்று நாங்கள் பேர் வைத்தோம். பேர் வைத்ததோடு சரி, அதில் என்ன பார்க்கிறார் என்று ஒருத்தியும் கேட்கவில்லை. நான் உட்பட.

மதாம் விக்டோரியா வந்தது ஒரு புதன்கிழமை. சிறுநீரகப் பிரிவின் ஜெயந்தி சிஸ்டர் கையைப் பிடித்துக் கூட்டி வந்தார். மதாமுக்கு அறுபத்து நான்கு வயது. கணவர் பிரெஞ்சுப் படையில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக, இருந்து ஓய்வு பெற்று, இறந்து பல வருடமாகிவிட்டது. ஒரே மகன் பிரான்சில். இவர் டவுனில் தனி வீட்டில் தனியாக இருந்தார். இரண்டு சிறுநீரகமும் செயலிழந்து, வயிற்று வழியாக டயாலிசிஸ் செய்துகொண்டிருந்தார். வயிற்றில் பொருத்திய குழாய் வழியாக இரண்டு லிட்டர் திரவத்தை உள்ளே விட்டு, சில மணி நேரம் கழித்து வெளியே ஒரு பையில் வடிக்க வேண்டும். ஒரு நாளைக்கு நான்கு தடவை, வீட்டிலேயே, தன் கையாலேயே.

வடிந்த பையை அச்சடித்த காகிதத்தின்மேல் வைத்துப் பார்க்கச் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். பை வழியே எழுத்து தெரிந்தால் சரி. தெரியாமல் கலங்கலாக இருந்தால் வயிற்றுக்குள் கிருமி நுழைந்துவிட்டது, உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். மதாம் அந்த மாதத்தில் மூன்று தடவை ஓடி வந்திருந்தார்.

"மூணு வாட்டியும் லேப்ல ஒண்ணும் இல்லன்னு வந்துடுச்சுக்கா," என்றார் ஜெயந்தி சிஸ்டர். "பை பளிங்கு மாதிரி இருக்கு. இவங்க கலங்கிப்போச்சு, கலங்கிப்போச்சுன்னு ஆட்டோவுல வந்து எறங்குறாங்க."

"தெளிவா இருக்கறத கலங்கலாப் பாத்தா ஆட்டோ காசோட போச்சு," என்றார் மதாம். "நெசமாவே கலங்குற அன்னைக்கு எனக்கு வித்தியாசம் தெரியுமா? அதச் சொல்லு மொதல்ல."

 பார்வை சரியாகாவிட்டால் தனியாக இந்த டயாலிசிஸைச் செய்ய விட முடியாது என்று மதாமின் சிறுநீரக மருத்துவர் சொல்லிவிட்டார். ரத்தத்தைச் சுத்திகரிக்கும் இயந்திரத்துக்கு மாற்றலாம் என்றால், கையில் அதற்கென்று இரண்டு முறை செய்த ரத்தக்குழாய் இணைப்பும் அடைத்துக்கொண்டது. மகன் பிரான்சுக்கு வந்துவிடச் சொல்கிறானாம்.

"போயிடலாமே மதாம்?" என்றேன், தாடையைத் தாங்கியில் சரி செய்தபடி.

"போயி? சன்னல் வழியா பனியப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கவா? அதுக்கும் கண்ணு வேணும்ல?"

வலது கண்ணைப் பார்த்தேன். கருவிழி பால் ஊற்றினாற்போல் வெளுத்திருந்தது. சில வருடங்களுக்கு முன் வெளியூரில் புரை எடுத்திருக்கிறார்கள். ஒரு மாதம் நன்றாகத் தெரிந்து, பிறகு வலியும் கூச்சமுமாகி வெளுத்துவிட்டது. இப்போது அதில் வெளிச்சம் மட்டும்தான். புரை முற்றிய இடது கண்தான் அவருக்கு மீதி.

இடதும் நலிந்திருக்கலாம் என்று வலது கருவிழியே சொல்லிக்கொண்டிருந்தது. எனக்கு அன்று பதினாறு கோப்புகள். மதாமால் தாடையை அசையாமல் வைக்க முடியவில்லை, களைத்துப் போனார். இடது கண்ணின் முதல் மூன்று படங்களும் மங்கல், நடுவில் கறுப்புத் திட்டுகள். அசைந்ததால் வந்த கோளாறு என்று நானே தீர்ப்பு எழுதினேன். நான்காவதுக்குக் கொஞ்சம் பக்கவாட்டில் நகர்த்தி எடுத்தேன். தேன்கூடு மாதிரி வந்தது. தெளிவான மூலையில் புள்ளி வைத்து எண்ணினேன். சதுர மில்லிமீட்டருக்கு இரண்டாயிரத்து நூறு சொச்சம். அந்த வயதுக்குப் பிரமாதம். ஒட்டினேன். மூன்றையும் கசக்கினேன். மறு வாரம் செவ்வாய்க்கிழமை வழக்கமான அறுவைக்கு நாள் குறித்தார்கள்.

திங்கள் சாயங்காலம் டாக்டர் என் அறைக்கு வந்தார். கையில் மதாமின் கோப்பு. கூடையைக் காலால் இழுத்தார். காலி. எங்கள் பிரிவைப் பெருக்கும் அஞ்சலை எந்தக் கூடையையும் மறு நாள்வரை விட்டு வைக்காத ஆள்; அவர் தேடியதோ போன வாரத்துக் குப்பை.

"இந்தக் கண்ணுக்கு எத்தனை படம் எடுத்தீங்க மல்லிகா?"

"நாலு சார்."

"மிச்சம் மூணும் எப்படி இருந்துச்சு?"

"ஆடிட்டாங்க சார். சரியா வரல."

அவர் ஒட்டியிருந்த படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "மூணுமே ஆடிச்சா? இல்ல, மூணுமே ஒரே மாதிரி இருந்துச்சா?"

பொய் சொல்ல நேரம் இருந்தது. சொல்லியிருந்தால் அவர் நம்பியிருக்க மாட்டார், ஆனால் சான்று ஏதுமில்லை. கறுப்புத் திட்டுகள் மூன்றிலும் ஒரே இடத்தில் இருந்தன என்பது அப்போதுதான் எனக்கு நினைவுக்கு வந்தது. ஆடின படத்தில் திட்டும் ஆடி இடம் மாறியிருக்கும்; மாறாதது கருவிழியிலேயே இருக்கிற கோளாறு.

"ஒரே மாதிரிதான் சார் இருந்துச்சு," என்றேன்.

அவர் தலையசைத்தார். "நாம என்ன, கல்யாணத்துக்கா போட்டோ எடுக்குறோம்?" என்று கேட்டுவிட்டு எழுந்தார். பத்தொன்பது வருடம் கேட்காத திட்டு முழுவதும் அதில் இருந்தது. "நாளைக்கு ஆபரேஷன் வேண்டாம். அவங்கள வரச் சொல்லி நடுவுல எண்ணுங்க. அசிங்கமா இருந்தா அசிங்கமாவே எண்ணுங்க."

செவ்வாய்க்கிழமை மதாமை உட்கார வைத்து, இளைப்பாற விட்டு இளைப்பாற விட்டு, ஒரு மணி நேரம் எடுத்தேன். ஏழு படம். நடுக் கருவிழியில் ஆயிரத்து நூறு. அதுவும் ஒன்று கத்தரிக்காய் அளவு, ஒன்று கடுகு அளவு என்கிற மாதிரி. நான் ஒட்டிய எண்ணை நம்பி வழக்கமான முறையில் புரையை உடைத்திருந்தால், வலது கண்ணுக்கு ஆனது இடதுக்கும் ஆகியிருக்கும்.

டாக்டர் நாற்காலியை மதாமின் பக்கத்தில் போட்டுக்கொண்டு ஏழு படங்களையும் பற்றிச் சொன்னார். அறுவை செய்யலாம், ஆனால் கருவிழி தாங்காமல் போக வாய்ப்பு உண்டு, அப்படியானால் கருவிழி மாற்ற வேண்டி வரும். செய்யாவிட்டால் இருக்கிற பார்வையும் போய்விடும். முடிவு அவர் கையில்.

 "போன வாரம் எல்லாம் நல்லா இருக்குன்னீங்க. நாளும் குறிச்சீங்க. இன்னைக்கு வேற சொல்றீங்க. நடுவுல என்னா ஆச்சு?" என்றார் மதாம்.

டாக்டர் என்னைப் பார்க்கவில்லை. கோப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்திருந்தால் சுலபமாக இருந்திருக்கும்.

"நான்தான் மதாம் சரியா எண்ணல," என்றேன். "நல்லா வந்த படத்த மட்டும் ஒட்டிட்டு மத்தத தூக்கிப் போட்டுட்டேன். சார் கேட்டதுனாலதான் தெரிஞ்சுது."

மதாம் குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினார். திட்டு வாங்கத் தயாராகத்தான் நின்றேன்.

"அந்தக் கண்ணு போனப்ப நான் எத்தன பேரக் கேட்டேன் தெரியுமா? என்னா ஆச்சு, என்னா ஆச்சுன்னு. வயசாயிடுச்சுன்னான் ஒருத்தன். சக்கரைன்னான் ஒருத்தன். எனக்குச் சக்கரையே கெடையாது. நீயாவது சொன்னியே. மெர்சி, ரொம்ப நன்றி. செய்யுங்க டாக்டர். ஆனா இவ தூக்கிப் போட்டதுக்கு இவதான் பொறுப்பு. எங்கூட கடைசிவரைக்கும் இருக்கணும்."

அந்த அறுவைக்கு டாக்டர் செய்த ஏற்பாடுகளை இன்றும் வரிசையாகச் சொல்ல முடியும். வயிற்றில் இரண்டு லிட்டர் திரவத்தோடு மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டும், கண்ணுக்குள்ளும் அழுத்தம் ஏறும். அதனால் ஜெயந்தி சிஸ்டர் தியேட்டருக்கு முன்னால் திரவத்தை வடித்து, வயிற்றைக் காலியாக வைத்து அனுப்ப வேண்டும். கண்பாவையை விரிக்கும் சொட்டு மருந்து வீரியம் குறைந்ததாக இருக்க வேண்டும், ரத்த அழுத்தம் ஏறக் கூடாது. அறுவைக்குப் பின் எல்லோருக்கும் தருகிற அச்சடித்த மருந்துப் பட்டியலில் கண் அழுத்தம் குறைக்கும் மாத்திரை ஒன்று உண்டு. சிறுநீரகம் செயலிழந்தவர் உடம்பில் அது தங்கி விஷமாகிவிடும். அச்சடித்திருக்கிறது என்பதற்காகவே யாராவது கொடுத்துவிடுவார்கள் என்று, அந்த வரியைச் சிவப்பில் அடித்ததோடு நிற்காமல், அந்த இடத்தைக் கத்தரித்தே எடுத்துவிட்டார். ஓட்டையோடு ஒரு மருந்துச் சீட்டை அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை.

தியேட்டரில் எனக்கு வேலை இல்லை. அவர்தான் வரச் சொன்னார். "நீங்க எண்ணின ஆளுங்கள்ல எத்தன பேரு தப்பிக்கிறாங்கன்னு பாக்க வேணாமா?"

திரையில் பார்த்துக்கொண்டு நின்றேன். செல்களுக்குக் கவசமாகப் பசை போன்ற மருந்தைக் கருவிழியின் பின்னால் பூசினார். புரையை அதிர்வால் உடைக்காமல், கொக்கி போன்ற கருவியால் கையாலேயே சின்னச் சின்னத் துண்டாகப் பிளந்தார். இரண்டு துண்டு எடுப்பார், நிறுத்துவார், மறுபடியும் பசை. மற்றவர்களுக்குப் பத்து நிமிடத்தில் முடிக்கிறவர், முக்கால் மணி நேரம் எடுத்துக்கொண்டார். நடுவில் மதாம் துணிக்கு அடியிலிருந்து, "அந்தப் பொண்ணு நிக்குதா?" என்று கேட்டார்.

"நிக்கிறேன் மதாம்."

"சரி."

மறு நாள் கட்டைப் பிரித்தால் கருவிழி வீங்கிச் சாம்பல் நிறத்தில் இருந்தது. "வெள்ளையா இருக்கு," என்றார் மதாம். "அதுவும் இப்படித்தான் வெள்ளையாச்சு."  உப்புச் செறிவான சொட்டு மருந்து போட்டுக் காத்திருப்பதைத் தவிர வழியில்லை என்றார் டாக்டர். மிச்சமிருக்கும் செல்கள் நீரை இறைத்துத் தீர்க்க வேண்டும். தீர்க்குமா என்பது அவற்றுக்கே வெளிச்சம்.

அதுவரை டயாலிசிஸை நிறுத்த முடியாதல்லவா? குழாய் மாட்ட ஜெயந்தி சிஸ்டர் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குப் பழக்கிக் கொடுத்தார். மற்ற பைகளை அந்தப் பெண் பார்த்துக்கொண்டாள். சாயங்காலத்துப் பை என் பங்கு என்று மதாம் விதித்தார். வேலை முடிந்து சாரம் பகுதியில் இருக்கும் என் வீட்டுக்குப் போவதற்கு முன், ஸ்கூட்டரை டவுனுக்குத் திருப்புவேன். பையைச் செய்தித்தாளின்மேல் வைப்பேன்.

"தெரியுது மதாம்."

"தெரியுதுன்னு சொன்னா எப்படி? உன்னோட தெரியுதுதான் எனக்குத் தெரியுமே. படி."

பை வழியாக வாய்விட்டுப் படிக்க வேண்டும். தேங்காய்த்திட்டில் படகுகள் கடலுக்குப் போகாதது, உழவர்கரையில் தண்ணீர் வராதது, தங்கம் விலை, ராசி பலன் எல்லாம் படித்தேன். என் ராசிக்குப் பொறுமை தேவை என்று போட்டிருந்தபோது அவர் வயிறு குலுங்கச் சிரித்ததில், வயிற்றுக் குழாயும் சேர்ந்து ஆடியது.

ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஆஸ்பத்திரியில் கருவிழியின் தடிமனை அளந்தேன். முதல் வாரம் அசையவில்லை. இரண்டாம் வாரம் ஓரம் தெளிந்தது. மூன்றாம் வாரம் நடுவும் மெல்ல இறங்கத் தொடங்கியது. செல்களை மறுபடி எண்ணினேன். எண்ணூற்றுச் சொச்சம் பேர் பிழைத்திருந்தார்கள். எடுத்த படம் அத்தனையும் ஒட்டினேன், கோப்பு மூடாமல் பிளந்து நின்றது. அன்று முதல் ஓய்வு பெறும்வரை என் கோப்புகள் எல்லாம் அப்படித்தான். 'மல்லிகாக்கா ஆல்பம்' என்று எனக்கும் ஒரு பேர் வைத்தார்கள்.

டாக்டரும் அந்தக் கோப்பில் ஒரு வரி எழுதியிருந்தார். நாள் தள்ளிப்போனதற்குக் காரணம் எழுத வேண்டிய இடம் அது. 'அறுவை மருத்துவர் கேட்டுக்கொண்டபடி மறு பரிசோதனை.' அவ்வளவுதான். என் பெயர் எங்கும் இல்லை. அதைப் பற்றி அவர் என்னிடம் பேசவில்லை, நானும் நன்றி சொல்லவில்லை. சொன்னால் எதற்கு என்று கேட்பார், அப்போது என் தவற்றை மறுபடி சொல்ல வேண்டி வரும். இப்போது எழுத்தில் சொல்லிவிடுகிறேன். அவர் படிப்பார் என்று தெரியும், கூடையில் போட்டிருந்தால்கூட எடுத்துப் படிப்பார்.

சங்கீதாவுக்கும் ஒரு வார்த்தை. இயந்திரத்தை நிறுவிய பொறியாளரைக் கூப்பிட்டு, அது அழிக்கிற படங்களை அழிக்காமல் வைக்க வழி உண்டா என்று கேள். உண்டு என்றுதான் சொல்வார். நான் விசாரித்துவிட்டேன்.

அறுவை முடிந்த நான்காவது வாரம் ஒரு சாயங்காலம் மதாம் வீட்டுக்குப் போனேன். மதாம் சாப்பாட்டு மேசையில் செய்தித்தாளை விரித்து, பையைத் தானே அதன்மேல் வைத்திருந்தார். என்னை உட்கார்ந்துகொள் என்றுகூடச் சொல்லவில்லை. குனிந்து, மூக்கு பையில் முட்டும் தூரத்தில் முகத்தை வைத்திருந்தார். கண்ணீர் அஞ்சலிப் பக்கம்.

"அடப்பாவி!" என்றார் திடீரென்று. "இவன் செத்துட்டானா? எங்க வீட்டுக்காரரோட ஒரே பட்டாளத்துல இருந்தவன். பதினாறாம் நாளே முடிஞ்சு போச்சு, எனக்கு ஒரு வார்த்த சொல்லல பாரு அவம் பொண்டாட்டி!"

"பைய எடுத்துட்டுப் படிங்களேன் மதாம்," என்றேன். 

"சும்மா இரு," என்றார். "இது வழியாத் தெரியணும்." பையை ஒரு விரற்கடை நகர்த்தி, இறந்தவரின் பேரப்பிள்ளைகள் பெயர்வரை ஒன்றுவிடாமல் படித்து முடித்தார்.